புத்தகயாவுக்கு ஒரு பஞ்சுப் போர்வை

தண்டையார்பேட்டையில் லாரிக்கு சீட் தைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் அசோகன் தைத்த சீட் எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடலாம் என்பார்கள் டிரைவர்கள். உட்கார்ந்தால் உள்ளே போகாது. துறைமுக வாசலில் கன்டெய்னர் ஏற்றக் காத்துக் கிடந்தாலும் சரி, விஜயவாடா வரை போய்த் திரும்பினாலும் சரி, சீட் போனபடியே வரும். மனிதர் அடைத்தால் அப்படி அடைப்பார். தேங்காய் நாரோ, ஃபோமோ, பஞ்சோ, எது கிடைத்தாலும் ரெக்சின் உறைக்குள் போட்டு, ஒரு மரக்கட்டையால் குத்திக் குத்தி இறக்கி, முழங்காலை வைத்து அழுத்தி, இனி ஒரு பிடிகூட நுழையாது என்று ஆன பிறகும் இரண்டு பிடி நுழைத்துவிட்டுத்தான் கோணி ஊசியைக் கையில் எடுப்பார். தைத்து முடித்ததும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. தவில் மாதிரி சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வராவிட்டால் தையலைப் பிரித்து மறுபடி அடைப்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய்ப் போர்வை தைத்துக் கொடு என்று கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

கேட்டது வியாசர்பாடி புத்த விகாரைக்காரர்கள். தை மாசம் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து புத்தகயா போவதாகத் திட்டம். அந்தச் சமயத்தில் ஊரில் உலகத்துக் கூட்டமெல்லாம் வந்து இறங்குமாம், லாட்ஜில் கால் வைக்க முடியாதாம். ஒரு மைதானத்தில் கூடாரம் கிடைக்கும், படுக்கையும் போர்வையும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று எழிலன் விசாரித்துக்கொண்டு வந்தார். எழிலன் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், விகாரையில் எந்தப் பயணம் என்றாலும் முன்னால் நின்று செய்பவர். "குளிரு சும்மா இல்ல, பல்லு அடிச்சிக்கும்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வியாசர்பாடியில் மார்கழி வந்தால் ஃபேனை ஒரு கட்டம் குறைத்து வைப்பார்கள். குளிர்காலம் என்பது அவ்வளவுதான்.

போகிறவர்களில் அசோகனின் மனைவி செங்கொடியும் ஒருத்தி. அசோகன் போகவில்லை. பேரரசன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறாரே தவிர, ரயில் சென்ட்ரலுக்கு அடுத்த பேசின் பிரிட்ஜைத் தாண்டினாலே அவருக்குத் தலை சுற்றி வயிறு புரட்டும். செங்கொடிக்கு அப்படி இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, புத்தர் ஞானம் பெற்ற அந்த அரச மரத்தடியில் ஒரு பொழுது உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதலில் மாமியார் படுக்கையில் கிடந்தார். அப்புறம் மகள் மதியின் படிப்பு, கல்யாணம். அதெல்லாம் முடிந்து மூச்சு விடலாம் என்று பார்த்தால், மூச்சே வில்லனாகிவிட்டது.

அவளுக்கு வீசிங். மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்த காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, வேலையை விட்ட பிறகும் விடவில்லை. இப்போது வாரியக் குடியிருப்பின் மாடிப்படி ஓரம் காலையில் இட்லி போடுகிறாள். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழை பிறந்தால் போதும், தை முடிகிற வரை அவள் முதுகைத் தரையில் சாய்த்துத் தூங்கியதே கிடையாது. சுவரில் இரண்டு தலையணையை வைத்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். விடியற்காலையில் இழுப்பு தொடங்கும். அசோகன் எழுந்து முதுகை நீவிவிடுவார். போன மழைக்கு நீவியும் நிற்கவில்லை, இன்ஹேலர் பஃப் அடித்தும் நிற்கவில்லை, ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். உதடு நீலமாகிவிட்டிருந்தது. புகை வைத்து, ஊசி போட்டு, அவள் கண் திறக்கிற வரை வராந்தாவில் நின்றார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விட்டு இறங்கவே இல்லை.

பயணத்துக்கு முன் செங்கொடி டாக்டரம்மாவிடம் கேட்டாள். "போயிட்டு வாங்க. ஆனா நெஞ்சுல குளிர் ஏறவே கூடாது. தூசியும் ஆகாது. அங்க வாடகைக்குக் குடுக்கிற கம்பளி பக்கமே போகாதீங்க. நல்ல போர்வை இல்லேன்னா வீட்லயே இருங்க" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆகவே விஷயம் போர்வையில் வந்து நின்றது. அது சரியாக அமைந்தால் செங்கொடி போகலாம். இல்லாவிட்டால் இந்த வருசமும் இல்லை. வயசும் மூச்சும் போகிற போக்கில் அடுத்த வருசம் என்று ஒன்று இருக்கிறதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. வீட்டிலேயே ஒரு தையல்காரர் இருக்கும்போது என்ன கவலை என்று எழிலன் எல்லோருக்கும் சேர்த்து அசோகனிடமே சொல்லிவிட்டார்.

உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் முதல் வம்பு. அசோகன் நேரே போய் ஒரு பை இலவம் பஞ்சு வாங்கி வந்தார். லேசு, மெத்து, கதகதப்பு, எல்லாம் சரி. பையின் வாயைப் பிரித்ததும் பஞ்சு வீடெங்கும் பறந்தது. செங்கொடி அடுக்கடுக்காகத் தும்மினாள். அன்று சாயங்காலமே நெஞ்சில் விசில் கேட்டது. பையை அப்படியே கட்டி மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அடுத்தது பருத்திப் பஞ்சு. அதை விலக்கியது செங்கொடிதான். கூடாரத்துக்குள் விடிந்தால் ஆளுங்க விட்ட மூச்சே தண்ணியா மேலிருந்து சொட்டும் என்று எழிலன் சொல்லியிருந்தது அவள் காதில் விழுந்திருந்தது. ஒரு உருண்டை பஞ்சில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். மறுநாள் மத்தியானம் தொட்டுப் பார்த்தால் அடியில் இன்னும் ஈரம். "வெயிலு கொளுத்தற ஊர்லயே காய்ல. அங்க எங்க காயும்? ஈரத்த போத்திக்கினு படுக்கறதுக்கு நான் மீனா?" என்றாள்.

அப்புறம் வந்தது கோழி இறகு. இதற்குப் பொறுப்பு அசோகன் கடைக்குப் பக்கத்தில் பிராய்லர் கடை வைத்திருக்கும் சுப்புராஜ். "வெளிநாட்டுக்காரன்லாம் வாத்து எறகத்தான் போத்திக்கினு தூங்கறான் மாமு. வாத்து இன்னா, கோழி இன்னா, ரெண்டுக்கும் ரெக்க கீது. நம்ம கடைல டெய்லி மூட்ட மூட்டயா போவுது, எட்துக்கோ" என்றார். ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அசோகனுக்கு இல்லை. ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஷாம்பூ போட்டு அலசி மொட்டை மாடியில் காயப்போட்டார். காக்காய் வந்தது, பூனை வந்தது, கடைசியில் மூன்று பிளாக் பெண்கள் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். தண்ணீர் லாரி வராத நாளில்கூட அவர்கள் அப்படி ஒன்றுசேர்ந்ததில்லை. நாற்றத்தை விடுங்கள், காய்ந்த இறகின் காம்பு துணியைத் துளைத்துக்கொண்டு குத்தியது. மூட்டை போன வழியே சுப்புராஜ் கடைக்குத் திரும்பியது.

கடைசியில் மிஞ்சியது சோபாவின் முதுகுக்கு வைக்கிற ஃபைபர் பஞ்சு. அசோகன் கடையிலேயே ஒரு மூலையில் கிடந்ததுதான், பாலியஸ்டர் சரக்கு, வெள்ளையாகப் பந்து பந்தாக இருக்கும். செங்கொடி கடைக்கு வந்து ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்து உதறிப் பார்த்தாள். தூசி இல்லை. தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். பிழிந்ததும் உப்பிக்கொண்டது. "இது போதும்யா. இத்த வெச்சி தையி" என்றாள். பஞ்சு முடிவானது.

பஞ்சைத் தேர்ந்தெடுத்தது அவள். அடைத்தது அவர். வினை அங்கேதான்.

சீட்டுக்கு அடைக்கிற மாதிரியே அடைத்தார். குளிரைத் தடுக்க வேண்டும் என்றால் சுவர் மாதிரி இருக்க வேண்டாமா என்பது அவர் கணக்கு. ஒரு ஆளுக்குப் போதும் என்கிற பஞ்சைப் போல இரண்டு பங்கு எடுத்து, கட்டையால் குத்தி இறக்கி, பஞ்சு நகரக் கூடாது என்று மேலிருந்து கீழாக நெருக்க நெருக்கமாகத் தைத்தார். முடித்துத் தட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது. விகாரைக்காரர்களும் வந்து ஆளுக்கொரு தட்டுத் தட்டிப் பார்த்து, அடேயப்பா என்றார்கள். தூக்கிப் பார்த்த எழிலன் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் கனம் இருந்தால்தான் தரம் என்று அவரும் தலையாட்டினார்.

சரி, பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டுமே. சென்னையில் குளிரை எங்கே போய்த் தேடுவது? ஏடிஎம் ஒன்றில்தான் கொஞ்சம் குளிர் உண்டு, அதற்குள் போர்வையோடு போய்ப் படுத்தால் போலீஸ் வந்துவிடும். அப்போதுதான் பென்னி ஞாபகம் வந்தது. பென்னி அசோகனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், ராயபுரத்துக்காரர், காசிமேட்டில் மீனும் இறாலும் வைக்கிற கோல்டு ஸ்டோரேஜில் மிஷின் ஆபரேட்டர்.

"ஃப்ரீசர் ரூமுக்குள்ள போனா வெறச்சிடுவ மாமு. அது வாணாம். சில் ரூமு ஒண்ணு கீது, ஏத்தறதுக்கு முன்னால சரக்க வெக்கிறது. அதான் நீ சொல்ற குளிரு" என்றார் பென்னி. "ஆனா யாராச்சும் எட்டிப் பாத்தா நான் இன்னா சொல்றது? பொட்டிங்கோ நடுவுல ஒரு ஆளு போத்திக்கினு படுத்துனு கீறான்னா, பொணத்த எறக்கி வெச்சிட்டேன்னு நெனப்பாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரக்கு ஏற்றாத நேரமாகப் பார்த்துப் போனார்கள். இறால் பெட்டிகளுக்கு நடுவே ஒரு தெர்மாகோல் பலகையைப் போட்டு, ஸ்வெட்டரும் லுங்கியுமாக அசோகன் படுத்துப் போர்த்திக்கொண்டார். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. குளிர் வெளியே நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும் தையல் போட்ட இடமெல்லாம் கோடு கோடாக ஜில்லென்று ஏறியது. போர்வை பலகை மாதிரி விறைத்து நின்றதே தவிர உடம்போடு ஒட்டவில்லை. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வழியாகக் காற்று நேரே நெஞ்சுக்குள் இறங்கியது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தூக்கியது. பென்னி கதவைத் திறந்தபோது அசோகனுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. வெளியே வந்து வெயிலில் நின்று இரண்டு டீ குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து, "ஆவாதுமே. என்னாலயே தாங்க முடியல" என்றார் செங்கொடியிடம். அவள் தட்டை எடுத்து வைத்தாள். நெத்திலிக் குழம்பை ஊற்றினாள். அசோகன் சாப்பிட்டார். மறுபடி சோறு கேட்டார், சாப்பிட்டார். மூன்றாம் முறை தட்டை நீட்டியபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உனுக்கு சந்தோசமா கீது" என்றாள்.

"இன்னா சந்தோசம்?"

"நான் போவலன்ற சந்தோசம். ஒரு மாசமா சரியா துன்னாத ஆளு, இன்னிக்கு மூணாவது வாட்டி தட்ட நீட்ற."

அசோகன் நீட்டிய தட்டைக் கீழே வைத்தார். அவள் சொன்னது உண்மை. வேண்டுமென்று அவர் கெடுத்துத் தைக்கவில்லை, தொழில் மேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வார். ஆனால் அந்தக் குளிர் அறையில் பற்கள் அடித்துக்கொண்டபோது, அப்பாடா, இவள் போக வேண்டியதில்லை என்று மனசு ஒரு நொடி லேசானது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சோற்றுத் தட்டு காட்டிக் கொடுத்துவிட்டது.

செங்கொடி சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "அந்த ஆஸ்பத்திரில நீ இன்னா பாடு பட்டேன்னு எனுக்குத் தெரியும்யா. ஆனா படுத்துனு கெடந்தது நானு. பயப்படணும்னா நான்தான் பயப்படணும். எனுக்கே பயம் இல்ல. நீ பயந்துகினு என்ன வூட்லயே ஒக்கார வெக்கிற" என்றாள். பிறகு கொடியிலிருந்த வெள்ளைப் புடவையை எடுத்தாள். மரத்தடியில் கட்டிக்கொள்ள என்று வாங்கி, ஃபால்ஸ் தைத்து, ஒருமுறை அலசிக் காயப்போட்டிருந்தாள். அதை நிதானமாக நான்காக மடித்து பீரோவின் அடித்தட்டில், பழைய துணிகளுக்கும் கீழே வைத்தாள். "நாளிக்கு எழிலன்கிட்ட என் பேர எட்துடச் சொல்லிட்றேன்" என்றாள்.

அந்தப் புடவை அசோகனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் முதல் வேலையாக எழிலனுக்குப் போன் போட்டு, "அவ பேர எடுக்காத. நான் சொல்ற வரிக்கும் எடுக்காத" என்றார். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

கடையில் ஒரு லாரி சீட் பாதியில் கிடந்தது. தைக்க உட்கார்ந்தால் கோணி ஊசியைக் காணோம். ஃபைபர் பஞ்சு மூட்டைக்குள் விழுந்திருக்கும் என்று கையை விட்டுத் துழாவினார். துழாவிக்கொண்டே செங்கொடி சொன்னதை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, முழங்கை வரை பிசுபிசுவென்று வேர்த்திருந்தது. தகரக் கூரையின் கீழ் வேர்ப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் மூட்டைக்குள் இருந்த கைக்கு வேர்த்த வேர்வை வேறு. இன்னொரு கையைப் பக்கத்தில் மடித்துக் கிடந்த அந்தத் தோற்றுப்போன போர்வைக்கு அடியில் விட்டுப் பார்த்தார். கனம்தான் தெரிந்தது, சூடு தெரியவில்லை. கையை மாற்றினார். மறுபடி மாற்றினார்.

"இன்னா மாமு, மூட்டைக்குள்ள பொதையலா கீது?" என்றார் சுப்புராஜ் தன் கடையிலிருந்தே.

அசோகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே பஞ்சு. ஒன்று தொளதொளவென்று கிடக்கிறது, கையைச் சுட வைக்கிறது. இன்னொன்றை அவர்தான் குத்தி, மிதித்து, தைத்து, மூச்சில்லாமல் ஆக்கியிருக்கிறார். தன் கைவேலையைத் தானே குறை சொல்ல யாருக்கும் கசக்கும். அவருக்கும் கசந்தது. ஆனால் கை பொய் சொல்லவில்லை.

பாராசூட் துணி வாங்கி வந்து புதிதாகத் தொடங்கினார். இந்த முறை துணியைப் பாத்தி பாத்தியாகத் தடுத்து, ஒவ்வொரு பாத்தியிலும் பஞ்சை உதறிப் பிரித்துப் போட்டார், அவ்வளவுதான். அழுத்தவில்லை. தையல் வழியாகத்தானே குளிர் ஏறியது, அதனால் இரண்டு அடுக்காக வைத்து, மேல் அடுக்கின் தையல் கீழ் அடுக்கின் தையல் மேல் விழாதபடி, செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அமைத்தார்.

சொல்வது சுலபம். முப்பது வருசமாக அழுத்திப் பழகிய கை, அது பாட்டுக்கு மரக்கட்டையை எடுத்தது. கீழே வைத்தார். ஞாபகமில்லாமல் மறுபடி எடுத்து ஒரு பாத்தியைக் குத்தியும் விட்டார். அந்தப் பாத்தியைப் பிரித்துப் பஞ்சை மறுபடி உதறினார். பிறகு எழுந்துபோய்க் கட்டையை சுப்புராஜ் கையில் கொடுத்தார். "இத்த உன் கடைல வெய்யி. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

"லாரி சீட்டு?"

"லாரிக்காரன் நிக்கட்டும்."

பயம் மட்டும் அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு பாத்தியை மூடும்போதும் இதைத் தைத்து முடித்தால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது. அங்கே இழுப்பு வந்தால் யார் நீவுவார்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆட்டோ என்று மனசு ஓடியது. பயந்துகொண்டேதான் தைத்தார், ஆனால் தைத்தார்.

முடிந்த போர்வையைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. தட்டினால் சத்தமே வரவில்லை. கை உள்ளே அமுங்கியது. எடுத்ததும் உப்பியது. இதைத் தைத்தது நான்தான் என்று எந்த டிரைவரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் அதை விரித்துக் காட்டியபோது செங்கொடி நெடுநேரம் தொட்டுப் பார்த்தாள். "நான் போய் சில் ரூம்ல படுத்துப் பாத்துட்டு வர்றேன்" என்றார் அசோகன்.

"நீ வாணாம். குளிரப் போறது நானு. நானே படுக்கறேன்."

அவர் ஆயிரம் சொல்லிப் பார்த்தார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். காசிமேட்டில் பென்னி கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றார், சொன்ன நொடியில் திறக்க. அசோகன் பஃபைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே அவள் பக்கத்திலேயே நின்றார். கீழே விரிக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், அந்த முதல் போர்வைதான் ஆட்டோவில் கூடவே வந்திருந்தது. அதை விரித்தார்கள். தரையின் குளிர் அதைத் தாண்டி வரவில்லை. உடம்பு ஏறி அழுத்துகிற இடத்துக்கு அசோகன் கை அடைப்புதான் சரி என்று அப்போது தெரிந்தது. செங்கொடி அதன் மேல் படுத்து, புதுப் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். அது அவள் உடம்பின் வளைவுகளிலெல்லாம் தானாக இறங்கி உட்கார்ந்தது.

"செங்கொடி."

"ம்."

"மூச்சு இஸ்குதா?"

"இல்ல."

"செங்கொடி."

"ம்."

"இப்போ?"

"யோவ், நீ இன்னா இஸ்கூல்ல பேரு கூப்டற மாதிரி கூப்டுனே கீற. சும்மா நில்லுய்யா."

சும்மா நின்றார். அவர் விரல்கள் மரத்துப்போயின, மூக்கில் நீர் வடிந்தது. போதும் என்று அவர்தான் முதலில் சொன்னார். செங்கொடி எழுந்து உட்கார்ந்தாள். "காலாண்ட மட்டும் லேசா காத்து வருது. அத்த பை மாதிரி மூடித் தச்சிடு" என்றாள். வெளியே வந்து, டீக்கடையில் நின்றபோது, "நல்லா கீதுய்யா" என்றாள். சாயங்காலம் பீரோவின் அடித்தட்டிலிருந்து வெள்ளைப் புடவை மேலே வந்தது.

விகாரைக்காரர்கள் எல்லோருக்கும் அப்படியே தைத்தார். ஆளாளுக்குத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். பஞ்சை மிச்சம் பிடித்துவிட்டார் என்றுகூட ஒருவர் முணுமுணுத்தார். அசோகன் விளக்கம் சொல்லவில்லை, பென்னியின் போன் நம்பரைக் கொடுத்தார்.

சென்ட்ரலில் ரயில் ஏற்றும்போது அவர் விட்ட உபதேசத்தை அந்தப் பெட்டியே கேட்டது. "மூட்டைய அமுக்காத. மேல எவனையும் ஒக்கார வுடாத. போய் எறங்கினதும் வெளிய எட்து ஒதறி வெய்யி, உப்பட்டும்." வாழ்நாளெல்லாம் அமுக்கியே பிழைத்த மனிதர் இதைச் சொல்கிறார் என்று செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. பஃப் ஒன்று, மாற்று பஃப் ஒன்று, மாத்திரை, தைலம் என்று வரிசையாக எடுத்து நீட்டினார். ரயில் நகர்ந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. ஏறாமலேயே சுற்றியது அதுதான் முதல் தடவை.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் பேசினாள். மரத்தைப் பார்த்துவிட்டதாகவும், நாளைக்குத்தான் நிதானமாக உட்காரப் போவதாகவும் சொன்னாள். குரல் நன்றாக இருந்தது. அதற்கப்புறம்தான் ராத்திரி இருக்கிறது என்று அசோகன் நினைத்தார்.

விடியற்காலையில் வழக்கம்போல விழிப்பு வந்தது. இழுப்பு தொடங்குகிற நேரம். கை தானாகப் பக்கத்தில் நீவப் போனது. சுவர் ஓரத்தில் தலையணை இரண்டும் சாய்ந்தபடி இருந்தன. எழுந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இட்லிக்கு எழுந்து பழகியவள், இந்நேரம் எழுந்திருப்பாள். கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. வெளிச்சம் வந்தது, பால்காரர் வந்தார், போன் அடிக்கவில்லை. அவராகப் போட்டால் அவளும் எடுக்கவில்லை, எழிலனும் எடுக்கவில்லை. கடையைத் திறந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. போக விட்டிருக்கக் கூடாது என்று நூறு முறை சொல்லிக்கொண்டார்.

வெயில் கடைக்குள் வந்த பிறகு போன் அடித்தது.

"இன்னாய்யா, இத்தினி வாட்டி கூப்ட்டுகீற?"

"இன்னாமே, ஏன் எடுக்கல? இஸ்துகிச்சா? பஃப் அட்ச்சியா? குளிரு எப்டி கீது?"

"குளிரா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரிலய்யா. நான் இப்பத்தான் எழுந்தேன்."

அசோகனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "ஒக்காந்துகினே தூங்கிட்டியா?"

"இல்லய்யா. படுத்துக்கினுதான். எல்லாரும் எழுந்து மரத்தாண்ட போய்ட்டாங்கோ. என்ன எழுப்ப மனசு வரலியாம்."

 அவள் இரண்டு முறை ஹலோ ஹலோ என்றுவிட்டு, முகம் கழுவிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். அசோகன் கடை வாசலில், பாதி அடைத்த லாரி சீட்டின் மேல் உட்கார்ந்து அழுதார். தெருவில் டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதார். கோழி வெட்டிக்கொண்டிருந்த சுப்புராஜ் கையைக் கூடத் துடைக்காமல் ஓடி வந்தார்.

"இன்னா மாமு, இன்னா ஆச்சி? அண்ணிக்கு எதுனா..."

"ஒண்ணியும் இல்லடா" என்றார் அசோகன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படுத்துத் தூங்கிட்டாளாம்."